மாரியோ பார்ட்டி வாங்கலாமா? ஏழு பிள்ளைகள் கூடும் வீட்டுக்கு ஒரு பதில்

செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "அண்ணே, தீபாவளிக்கு அக்கா குடும்பம் பட்டர்வொர்த்திலிருந்து வருகிறது, அண்ணன் குடும்பம் கிள்ளானிலிருந்து. எங்கள் வீட்டையும் சேர்த்துப் பிள்ளைகள் மட்டும் 7 பேர். சின்னவனுக்கு 5 வயது, பெரியவளுக்கு 15. வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல் இருக்கிறது. அதில் ஆட மாரியோ பார்ட்டி என்ற கேமை வாங்கச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். அதில் நல்லது என்ன, கெட்டது என்ன? சூப்பர்ஸ்டார்ஸ் வாங்குவதா, ஜம்போரி வாங்குவதா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?"

தகும், தம்பி. ஆனால் வீட்டில் 4 பிள்ளைகள் என்றால் யோசிக்காமல் "வாங்குங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். இதன் பலகை ஆட்டத்தில் ஒரே நேரத்தில் 4 பேர்தான் ஆட முடியும். 7 பேர் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் கோலாலம்பூரில் கேம் கன்சோல் பழுது பார்க்கிற ஆள். பழைய கேம்களை வாங்கி விற்பதும் உண்டு. தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் எதுவானாலும் முந்தின வாரம் "எல்லாரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வருவார்கள். பெருநாள் முடிந்த வாரம் கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக் கெட்டுப்போன கண்ட்ரோலர்களோடு திரும்பி வருவார்கள். இந்த வகைக் கேம்களை எடைபோட நான் முதலில் பார்ப்பது படமோ இசையோ இல்லை. கண்ட்ரோலர் கிடைக்காத ஐந்தாவது ஆள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதைத்தான் பார்ப்பேன். ஆடுகிறவர்களுக்கு எல்லாப் பார்ட்டி கேமும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். விருந்து கெடுவது சோபாவின் கையில் உட்கார்ந்து "எனக்கு எப்போது?" என்று கேட்கும் பிள்ளையிடம்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாரியோ பார்ட்டி 1998 கடைசியில் ஜப்பானில் நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்தது. ஹட்சன் சாஃப்ட் என்ற நிறுவனம் உருவாக்கியது. அந்தக் கன்சோலின் முன்பக்கத்திலேயே 4 கண்ட்ரோலர் செருகும் துளைகள் இருந்தன. அதனால் 4 பேர் ஆட்டம் என்பது அப்போதே இதன் அச்சாக அமைந்துவிட்டது, இன்றுவரை மாறவில்லை. ஹட்சன் பின்னால் கொனாமியோடு கலந்துபோனது. அங்கிருந்த பலர் என்டி கியூப் என்ற நிண்டெண்டோவின் துணை நிறுவனத்துக்குப் போனார்கள். நீங்கள் கேட்கும் இரண்டு கேமும் அந்த வழியில் வந்தவை: சூப்பர்ஸ்டார்ஸ் 2021 அக்டோபரில், ஜம்போரி 2024 அக்டோபரில்.

ஆட்டம் எப்படி என்றால், திரையில் ஒரு பலகை. 4 பேரும் முறைவைத்து டைஸ் உருட்டி நடக்க வேண்டும். 4 பேரும் நடந்து முடித்ததும் ஒரு மினிகேம் வரும். குதிப்பது, ஓடுவது, எண்ணுவது, தள்ளிவிடுவது என்று ஒரு நிமிடத்துக்குள் முடிகிற சின்ன விளையாட்டு. ஜெயித்தவருக்குக் காசு, ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் காசு. அந்தக் காசோடு பலகையில் நட்சத்திரம் இருக்கும் இடத்துக்குப் போனால் 20 காசுக்கு ஒரு நட்சத்திரம் வாங்கலாம். சுற்றுகள் முடியும்போது அதிக நட்சத்திரம் வைத்திருப்பவர் வெற்றியாளர். 4 பேருக்குக் குறைவாக இருந்தால் மிச்ச இடத்தில் கணினி ஆடும்.

இதில் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை என்று நான் நினைப்பது பயிற்சித் திரையை. ஒவ்வொரு மினிகேமுக்கும் முன்னால் விதிகள் ஒரு பக்கம் இருக்க, அந்த விளையாட்டே இன்னொரு பக்கம் சின்னக் கட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காசு போகாது, தோல்வி கணக்கில் வராது, வேண்டிய அளவு ஆடிப் பார்க்கலாம். எல்லாரும் "தயார்" என்று பொத்தானை அழுத்தினால்தான் உண்மையான ஆட்டம் தொடங்கும். நம் வீடுகளில் இது பெரிய விஷயம். இந்தக் கேமில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை. ஆங்கிலத்தில் விதி வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத 5 வயதுப் பிள்ளையும், கண்ணாடி எடுத்து வர மறந்த பாட்டியும், அருகில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். மற்ற பல கேம்களில் புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கவே கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் ஆர்வமும் போய்விடும்.

அடுத்தது அதிர்ஷ்டம். மாரியோ பார்ட்டியைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் இதை வைத்துத்தான் திட்டுகிறார்கள். முழு ஆட்டமும் முதலிடத்தில் இருந்தவன் கடைசியில் மூன்றாவதாகப் போவான். பூ என்ற பேய் 50 காசு வாங்கிக்கொண்டு அடுத்தவன் நட்சத்திரத்தைத் திருடிக் கொடுக்கும். சான்ஸ் டைம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் யாராவது கால் வைத்தால் இருவருடைய காசோ நட்சத்திரமோ கைமாறிப் போகலாம். மறைந்திருக்கும் பெட்டி ஒன்று திடீரென்று கிளம்பிச் சும்மா ஒரு நட்சத்திரம் கொடுக்கும். ஆட்டம் முடிந்த பிறகும் போனஸ் நட்சத்திரம் என்று சில கொடுப்பார்கள். அதிக மினிகேம் ஜெயித்தவருக்கு ஒன்று என்றால் நியாயம், எல்லாரையும்விடக் குறைவாக நடந்தவருக்குக்கூட ஒன்று கொடுப்பது உண்டு.

தாயம் ஆடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். கட்டை நல்லபடி விழ வேண்டும், விழுந்த பிறகு எந்தக் காயை நகர்த்துவது என்ற புத்தியும் வேண்டும், ஆனால் ருசி முழுக்க அடுத்தவன் காயை வெட்டுவதில் இருக்கிறது. தாத்தாவும் பேரனும் ஒரே பலகையில் உட்கார முடிந்தது கட்டை யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாது என்பதால்தானே! மாரியோ பார்ட்டியும் அப்படித்தான். உங்கள் வீட்டுச் சின்னவனும் பெரியவளும் ஒரே ஆட்டத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்குமே ஜெயிக்க வாய்ப்பு இருக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. திறமை மட்டுமே பேசும் கேமில் சின்னவன் 10 தடவை தோற்றுவிட்டு எழுந்து போய்விடுவான்.

அதற்கான விலையைப் பெரியவள் கொடுப்பாள், அதையும் மறைக்க வேண்டாம். "மினிகேம் எல்லாம் நான்தான் ஜெயித்தேன், முதலிடம் அவனுக்கா?" என்று 15 வயதுப் பிள்ளை கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. ஆட்டத்தின் கடைசிச் சில சுற்றுகளில் கட்டங்களில் கிடைப்பதும் இழப்பதும் பெருகும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பின்தங்கியவருக்கு நம்பிக்கை போகக்கூடாது என்பதற்காக. முன்னால் இருப்பவருக்கு அது கொள்ளையடித்த மாதிரிதான் இருக்கும். என் கணிப்பில், போட்டியை உயிராக நினைக்கும் வளர்ந்த பையன்கள் 4 பேர் சேர்ந்து ஆடினால் இந்தக் கேம் சலித்துவிடும். வயது கலந்த கூட்டத்தில்தான் இதற்கு மதிப்பு.

ஜம்போரியில் இந்தக் குறைக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். ப்ரோ விதிகள் என்று தனியாக ஒன்று உண்டு. போனஸ் நட்சத்திரம் எதற்கு என்பதை ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுவார்கள், அதுவும் ஒன்றுதான். மறைந்த பெட்டிகள் இல்லை, பலகையில் வரும் கடையில் பொருள்களும் அளவோடுதான் இருக்கும், எந்த மினிகேம் ஆடுவது என்று வாக்குப் போட்டு முடிவு செய்யலாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களும் அண்ணனும் மச்சானும் உட்கார்ந்து ஆட ஏற்றது. நடுப்பகல் கூட்டத்துக்கு வேண்டாம்.

இனி ஐந்தாவது ஆளுக்கு வருவோம். இந்தக் கேமின் பெரிய பலவீனம் நேரம். மிகக் குறைந்த ஆட்டமே 10 சுற்று. புதியவர்கள் 4 பேர் ஆடினால், பயிற்சித் திரையில் நிற்பது, யோசிப்பது, கத்துவது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடிவிடும். 15, 20 என்று கூட்டிக்கொண்டு 30 சுற்று வரை வைக்கலாம். கூட்டம் உள்ள வீட்டில் 10-க்கு மேல் தொடவே தொடாதீர்கள். ஒரு மணி நேரம் என்றால் மிச்சம் 3 பிள்ளைகள் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதில் ஆடுகிறவர்களுக்கும் காத்திருப்புதான். டைஸ் உருட்டுவது, கதாபாத்திரம் தத்தித் தத்தி நடப்பது, நட்சத்திரம் வாங்கியதும் ஆடும் கொண்டாட்டம், கடைக்காரர் பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் அசைவுகள் உண்டு. உங்கள் முறை முடிந்து அடுத்த முறை வருவதற்குள் ஒரு முறுக்கைச் சாவகாசமாகச் சாப்பிட்டு முடிக்கலாம். கணினி ஆடும் முறைகளையும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும் என்பது எனக்கு எப்போதும் எரிச்சல்.

ஜம்போரியில் இந்த இழுவை இன்னும் கூடுகிறது. அதில் கூட்டாளி என்று ஒரு புது ஏற்பாடு. பலகையில் லூய்கி, பீச், டாங்கி காங் மாதிரி மாரியோ கேம்களின் கதாபாத்திரம் ஒருவர் தோன்றுவார். ஒருவர் அவரிடம் போய்ச் சேர்ந்ததும் 4 பேருக்கும் பெரிய போட்டி ஒன்று நடக்கும். ஜெயித்தவரோடு அந்தக் கூட்டாளி 3 சுற்று கூடவே வருவார். அவர் இருக்கும்போது எல்லாமே இரட்டிப்பு: ஒரே நேரத்தில் 2 நட்சத்திரம் வாங்கலாம், சிவப்புக் கட்டத்தில் விழுந்தால் நட்டமும் இரண்டு மடங்கு. வழியில் வேறொருவர் உங்களைக் கடந்து போனால் கூட்டாளி அவரோடு போய்விடுவார். பார்க்கிறவர்களுக்கு இது நல்ல தமாஷ், கூச்சல் கிளம்பும். ஆனால் ஆட்டம் நீள்கிறது, ஒரே வீச்சில் 2 நட்சத்திரம் போவதால் அழுகையும் இரண்டு மடங்கு.

காத்திருக்கும் பிள்ளைக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். எல்லாம் ஒரே திரையில் நடக்கிறது. யார் முன்னால், யார் பின்னால், யார் யாரிடம் திருடினார்கள் என்று கேமே தெரியாத அத்தைக்கும் புரியும். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே "அவனை விடாதேடா" என்று சொல்ல முடிகிற கேம்கள் அதிகம் இல்லை. கைப்பேசியில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து ஆடும் கேமில் இது கிடைக்காது.

7 பேருக்கு நான் சொல்லும் வழி இரண்டு. பலகை ஆட்டத்துக்கு ஜோடி போடுங்கள். ஒரு கண்ட்ரோலருக்கு இரண்டு பேர் என்றால் 8 இடம் வந்துவிடுகிறது, 7 பிள்ளைகளும் உள்ளே. எட்டாவதாக நீங்களோ உங்கள் வீட்டம்மாவோ உட்காரலாம். ஜோடியில் ஒருவர் டைஸ் உருட்டி, எந்தப் பக்கம் திரும்புவது, எந்தப் பொருளைப் பயன்படுத்துவது என்று முடிவெடுப்பார். இன்னொருவர் மினிகேம் ஆடுவார். டைஸ் உருட்ட ஒரே ஒரு பொத்தான்தான், சின்னவனுக்கு அதுதான் தலைதீபாவளி. பெரியவள் மினிகேமைப் பார்த்துக்கொள்வாள். பாதி ஆட்டத்தில் வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே ஜோடியில் போடாதீர்கள், கண்ட்ரோலரை இழுத்துக்கொண்டு சண்டை வரும். பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று போட்டால் பெரியது விட்டுக் கொடுக்கும்.

இரண்டாவது வழி, பலகையை விட்டுவிட்டு மினிகேம்களை மட்டும் ஆடுவது. சூப்பர்ஸ்டார்ஸில் மவுண்ட் மினிகேம்ஸ் என்ற இடத்துக்குப் போனால் 100 மினிகேமும் அங்கே இருக்கும். ஜம்போரியில் மினிகேம் பே என்று ஒன்று, அதில் 110-க்கும் மேல். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். கடைசியாக வந்தவர் கண்ட்ரோலரை வரிசையில் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. காத்திருப்பு 5 நிமிடத்துக்கு மேல் போகாது. இதைக் கேமில் எங்கும் சொல்லித் தர மாட்டார்கள், நாம்தான் செய்துகொள்ள வேண்டும். ஒரு மாதிரி ஆட்டம் மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ஒருவருக்கு எதிராக மூவர் ஆடுவது. அதில் மூவர் சேர்ந்து தோற்றால் யார் எழுந்து போவது என்று பஞ்சாயத்து வைக்க வேண்டி வரும்.

கண்ட்ரோலர் கணக்கைப் பலர் வீட்டுக்குப் போன பிறகுதான் பார்க்கிறார்கள். ஸ்விட்ச் பெட்டியில் வருவது ஜாய்கான் என்ற சின்னக் கண்ட்ரோலர் ஒரு ஜோடி. அதைப் பிரித்துப் படுக்கை வாட்டில் பிடித்தால் 2 பேர் ஆடலாம். 4 பேருக்கு இன்னொரு ஜோடி வேண்டும், அதன் விலையும் கேம் விலைக்குக் குறையாது. ஆகவே அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ ஸ்விட்ச் இருந்தால் அவர்களுடையதை எடுத்து வரச் சொல்லிவிடுங்கள். உங்கள் கன்சோலின் பக்கவாட்டில் ஒருமுறை செருகி எடுத்தால் இணைந்துகொள்ளும். ஊருக்குத் திரும்பியதும் அவர்கள் தங்கள் கன்சோலில் மறுபடி செருகினால் போதும். நிறம் ஒன்றாக இருந்தால் ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எது யாருடையது என்று கடைசி நாள் காலையில் தேட வேண்டியிருக்கும். கைப்பட்டை கொண்ட அந்தச் சின்ன ஓரத் துண்டைத் தூக்கி எறிந்துவிடாமல் மாட்டுங்கள். படுக்கை வாட்டில் பிடிக்கும்போது மேலே வரும் இரண்டு சின்னப் பொத்தான்களை அது இல்லாமல் அழுத்துவது பெரியவர்களின் விரலுக்குக் கஷ்டம். இன்னொன்று, உங்களிடம் இருப்பது ஸ்விட்ச் லைட் என்றால் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அதை டிவியில் இணைக்க முடியாது, ஜாய்கான் கழற்றவும் வராது. 7 பிள்ளைகள் ஒரு சின்னத் திரையைச் சுற்றி நிற்பதற்கு இந்தக் கேம் வேண்டாம்.

டிவி பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. தீபாவளி அன்று ஹால் டிவி யாருக்கு என்பதை முதலில் பேசித் தீர்த்துவிடுங்கள். சிறப்புத் திரைப்படம் ஓடும் நேரத்தில் பெரியப்பாவிடம் ரிமோட் கேட்கும் தைரியம் எந்தப் பிள்ளைக்கும் வராது. அப்புறம், புது டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்ட எடுக்கும் நேரத்தால் பொத்தானை அழுத்தியதும் திரையில் தெரிவது கொஞ்சம் தாமதமாகும். தாளம் பார்த்து அழுத்தும் மினிகேம்களில் இது ஆளைத் தோற்கடிக்கும். டிவி அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

இப்போது என் சொந்தத் தொழில் சார்ந்த விஷயம். ஜாய்கான் ஸ்டிக்கின் அடியில் மெல்லிய கரிப்பூச்சுத் தடம் ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கை அசைக்கும்போது சின்ன உலோக நாக்கு அதன் மேல் உரசிக்கொண்டே போகும். எந்த இடத்தில் உரசுகிறது என்பதை வைத்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கன்சோல் அறிகிறது. நாளடைவில் பூச்சு தேயும், தூசியும் சேரும். அப்போது யாரும் தொடாமலேயே பாத்திரம் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிக்கும். இதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறார்கள். மாரியோ பார்ட்டியில் ஸ்டிக்கை வேகவேகமாகச் சுழற்றும் மினிகேம்கள் சில உண்டு. ஒரு மாலை முழுக்க 7 பிள்ளைகள் அதைச் சுழற்றினால் ஏற்கனவே தேய்ந்திருக்கும் ஸ்டிக் அன்றோடு போய்விடும். எண்ணெய்க் கையோடு தொட்டால் இன்னும் மோசம். முறுக்குத் தட்டும் கண்ட்ரோலரும் ஒரே மேசையில் இருக்க வேண்டாம் என்று நான் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். பிரித்துப் பார்க்கிறவனுக்குத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பழுதானால் காந்தத்தால் இயங்கும் மாற்று ஸ்டிக்குகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் உரசல் இல்லாததால் அந்தத் தேய்மானம் வராது.

இந்தச் சுழற்றல் கதை பழையது. முதல் மாரியோ பார்ட்டி வந்தபோது பிள்ளைகள் கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையை ஸ்டிக் மேல் வைத்துத் தேய்த்துச் சுழற்றினார்கள். அதில்தான் வேகம் வரும். கொப்புளமும் காயமும் வந்து பெற்றோர் புகார் செய்ய, 2000-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தோடு நிண்டெண்டோ சமரசம் செய்துகொண்டது. வாங்கியவர்கள் கேட்டால் கையுறை கொடுப்பதாக ஒப்புக்கொண்டது! சூப்பர்ஸ்டார்ஸில் அந்தக் காலத்துக் கயிறு இழுக்கும் மினிகேமைத் திரும்பக் கொண்டு வந்திருக்கிறார்கள், கூடவே உள்ளங்கையால் சுழற்றாதீர்கள் என்று திரையில் எச்சரிக்கையும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை வாசிக்கமாட்டார்கள். பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வேறு கேம் பார்க்கலாமா என்று கேட்டால், மூன்றைச் சொல்வேன், மூன்றுக்கும் ஆளாளுக்கு ஒரு குறை உண்டு. ஓவர்குக்டு, 2016-இல் இங்கிலாந்தில் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து உருவாக்கியது. 4 சமையல்காரர்கள் ஒரே அடுப்படியில் காய் நறுக்கி, வேகவைத்து, தட்டு கழுவி, நேரத்துக்குள் ஆர்டரை அனுப்ப வேண்டும். போட்டி இல்லை, எல்லாரும் ஒரே கட்சி. ஒரு ஆட்டம் சில நிமிடங்களில் முடிவதால் ஐந்தாவது ஆளுக்கு இது மாரியோ பார்ட்டியைவிட நல்லது. ஆனால் சின்னப் பிள்ளைகளால் ஈடுகொடுக்க முடியாது. "தட்டை எடு, தட்டை எடு" என்று பெரியவர்கள் கத்துவதில் அவர்கள் மிரண்டுபோவார்கள். கணவன் மனைவி மட்டும் ஆட நினைத்தால் அவரவர் பொறுப்பு.

ஜாக்பாக்ஸ் என்பது கூட்டத்துக்காகவே செய்தது. திரையில் கேம் ஓடும், ஆளுக்கு ஆள் சொந்தக் கைப்பேசிதான் கண்ட்ரோலர். பெரும்பாலான ஆட்டங்களில் 8 பேர் வரை ஆடலாம், அதற்கு மேல் இருப்பவர்கள் பார்வையாளர்களாகச் சேர்ந்து வாக்குப் போடலாம். ஐந்தாவது ஆள் பிரச்சினையே இல்லை. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம், அதிலும் அமெரிக்க நகைச்சுவை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் கல்லூரிக்காரர்களுக்கும் சரி. பாட்டியும் 5 வயதுக்காரனும் அன்று வெளியாட்கள்.

அமங் அஸ் 2018-இல் வந்து, நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு பரவியது உங்களுக்கே தெரிந்திருக்கும். 15 பேர் வரை ஆடலாம், கைப்பேசியில் இலவசம். நம்மில் யார் கள்ளன் என்று பேசிக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். பெரிய கஸின்கள் மட்டும் மாடியில் உட்கார்ந்து ஆட அருமையானது. பொய் சொல்லத் தெரியாத வயதுப் பிள்ளை முதல் நிமிடமே மாட்டிக்கொள்ளும். தனி அறை திறந்து ஆடச் சொல்லுங்கள், முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் அறைக்குப் போக வேண்டாம்.

சரி, சூப்பர்ஸ்டார்ஸா ஜம்போரியா? உங்கள் தேவை தீபாவளிக் கூட்டம் என்றால் சூப்பர்ஸ்டார்ஸ். அதில் எல்லாமே பொத்தானும் ஸ்டிக்கும்தான். கண்ட்ரோலரை ஆட்டி அசைத்து ஆடும் மினிகேம் கிடையாது. எந்த வகைக் கண்ட்ரோலரானாலும் ஒத்துப்போகும், யாரிடம் என்ன இருக்கிறதோ அதை எடுத்து வரலாம். 5 பலகைகள்தான், எல்லாமே நிண்டெண்டோ 64 காலத்தில் இருந்து எடுத்துப் புதுப்பித்தவை. எளிமையானவை, ஒரு சுற்றிலேயே புரிந்துவிடும். பாத்திரங்கள் 10 மட்டும். நடுவில் சாப்பிடக் கூப்பிட்டால் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். விட்ட சுற்றிலிருந்து பிறகு தொடர முடியும். விருந்து வீட்டில் இந்த வசதியின் அருமை அன்றுதான் தெரியும். குறை என்று பார்த்தால், 5 பலகை சில மாதங்களில் பழகிப்போகும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வருடம் முழுக்க ஆடப்போகிறார்கள் என்றால் ஜம்போரி. 7 பலகைகள், 22 பாத்திரங்கள், மேலே சொன்ன ப்ரோ விதிகள், 20 பேர் வரை இணையத்தில் சேர்ந்து ஓடும் கூப்பத்லான் என்ற போட்டி. கண்ட்ரோலரை அசைத்து ஆடும் மினிகேம்கள் இதில் உண்டு. கூட்டத்தில் அது இடிபடும், ஆட்டம் தொடங்கும் முன் அவற்றை விலக்கிவிடும் வழி இருக்கிறது. பலகைகளில் சில முதலில் பூட்டியிருக்கும், ஆடி ஆடித்தான் திறக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் எல்லாம் கையில் இருக்காது. பட்டர்வொர்த் பிள்ளைகளோடு பிறகு இணையத்தில் ஆட நினைத்தால் அவர்களிடமும் கேம் இருக்க வேண்டும், இரு வீட்டாரும் நிண்டெண்டோவின் இணையச் சந்தாவும் கட்ட வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் 2 வாங்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகன் கேட்பான். ஜம்போரிக்கு 2025 ஜூலையில் ஸ்விட்ச் 2 பதிப்பு வந்தது. மைக், கேமரா, மவுஸ் மாதிரி நகர்த்தும் ஜாய்கான் என்று புது ஆட்டங்கள் சேர்த்திருக்கிறார்கள், இரண்டு பேர் ஒரு கட்சியாக ஆடும் விதியும் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பெருநாளுக்காகக் கன்சோலையே மாற்றும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கடைசியாக விலை. இந்த நிறுவனத்தின் கேம்கள் வருடங்கள் போனாலும் லேசில் விலை இறங்காது. அதனால் பழையதாக வாங்குவதில் தவறில்லை, நன்றாக வைத்திருந்தால் திரும்ப விற்கும்போதும் பெரிய நட்டம் வராது. டிஜிட்டலாக வாங்கினால் விற்க முடியாது, அக்கா வீட்டுக்குக் கடன் கொடுப்பதும் கார்ட்ரிட்ஜ் என்ற கேம் அட்டை அளவுக்குச் சுலபமில்லை. நான் கார்ட்ரிட்ஜ் பக்கம்தான். ஸ்விட்ச் கேம்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஜப்பான் அட்டைப்பெட்டியில் இருந்தாலும் சூப்பர்ஸ்டார்ஸ் உங்கள் கன்சோலில் ஆங்கிலத்தில் ஓடும். புக்கிட் பிந்தாங் பக்கம் லோ யாட் வணிக வளாகத்திலோ உங்கள் வட்டாரத்திலோ நாலு கடை ஏறி விலை கேளுங்கள், கடைக்குக் கடை மாறும். பழையதை வாங்கினால் பெட்டி இல்லையே என்று கவலை வேண்டாம். அடியில் இருக்கும் தங்க நிறத் தொடுபுள்ளிகளில் கீறலோ பச்சை படிந்ததோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முந்தின சொந்தக்காரர் சேமித்து வைத்தது அவருடைய கன்சோலில்தான் இருக்கும், கார்ட்ரிட்ஜில் வராது, உங்களுக்குப் புதிதாகவே தொடங்கும். கார்ட்ரிட்ஜ் தபால்தலை போலச் சின்னது, சின்னவன் வாயில் போட்டுவிடுவானோ என்று பயந்தால், பிள்ளைகள் விழுங்காமல் இருக்கவே அதன் மேல் கடும் கசப்பு ஒன்றைப் பூசியிருக்கிறார்கள். நக்கிப் பார்த்த பெரியவர்களை எனக்குத் தெரியும்.